சின்னம்மா பெயரில் விழுந்த வெட்டு

போன மாதம் ஆலந்தலைக்குப் போயிருந்தபோது சின்னம்மா ஒரு சீட்டை நீட்டினார்கள். "ஏய்யா, எம் பேருக்குப் பின்னால என்னமோ ஒட்டிக்கிட்டு கெடக்கே, என்னதுய்யா அது?"

உதவித்தொகைச் சீட்டு. 'அந்தோணியம்மாள் பர்னாந்து' என்று இருக்க வேண்டும். 'அந்தோணியம்மாள' என்று புள்ளியில்லாமல் நின்றது. பக்கத்தில் சாய்த்து வைத்த கறுப்புச் சதுரம், நடுவில் கேள்விக்குறி. பர்னாந்தைக் காணவே காணோம். எங்கள் ஊரில் அந்தோணியம்மாள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். பெயர் ஒத்துவரவில்லை என்று மூன்று தடவை திருப்பி அனுப்பிவிட்டார்களாம். மூட்டுவலிக்காரி, மூன்று தடவையும் பஸ்ஸில் போய் வந்திருக்கிறார்கள்.

நானே போய்க் கேட்டேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "சார், பேருக்கு 40 இடம் விட்டிருக்கோம். அதுக்கு மேல போனா அதுவே வெட்டிரும்."

விரல்விட்டு எண்ணினேன். அந்தோணியம்மாள் 8 எழுத்து, பர்னாந்து 5. மொத்தம் 13. அது 40 இடத்தில் அடங்காதா?

அடங்காது. யூனிகோடில் 'ள்' என்பது ஒன்றல்ல. ள ஒன்று, புள்ளி ஒன்று. 'மா'வில் கால் தனி. இப்படிச் சின்னம்மாவின் முதல் பெயருக்கு மட்டும் 14 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். ஆக 42. கண்ணை மூடிக்கொண்டு 40-இல் வெட்டினால் கடைசிப் புள்ளியில் மூன்றில் ஒரு பங்கு தொங்கும். எந்த எழுத்துக்கும் சேராத அந்தத் துண்டுதான் கறுப்புச் சதுரம். ஆங்கில எழுத்துக்கு ஒரே பைட். 40 என்ற அளவு யாரை நினைத்து வைத்தது என்று இதிலேயே தெரிகிறது.

"இங்கிலீஷ்ல குடுத்திருந்தா பிரச்சினையே இல்ல சார்" என்றார் தம்பி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது அங்கேதான்.

ஓலைச்சுவடியில் புள்ளி ஏது என்று சிலர் கேட்பார்கள். வாஸ்தவம். ஆனால் சுவடியை வாசித்தவன் மனிதன். இடம் பார்த்துப் புள்ளியைத் தானே வைத்துக்கொண்டான். இயந்திரம் வைக்காது. அதற்கு 'ள' வேறு, 'ள்' வேறு ஆள்.

இதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். வெட்டும் இடத்தில் எழுத்து முடியவில்லை என்றால் அந்த எழுத்தின் தொடக்கத்துக்குப் பின்வாங்கி வெட்டு. தமிழை எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தர ஓப்பன்-தமிழ் என்ற நிரல்தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது. 'க்ஷ', 'ஸ்ரீ' போன்றவற்றில் மட்டும் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். செய்தித் தலைப்பை இப்படிச் சுருக்கி மூன்று புள்ளி வைத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆள் பெயரை மட்டும் எந்த முறையிலும் வெட்டக் கூடாது. இடம் போதவில்லையென்றால் பதியும்போதே 'போதவில்லை' என்று சொல்லட்டும். சத்தமில்லாமல் வெட்டிவிட்டு, பிறகு பெயர் தப்பு என்று கிழவியை அலையவிடுவது என்ன நியாயம்?

வருகிற செவ்வாய்க்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். கோயிலில் வாங்கிய ஞானஸ்நானச் சான்றிதழை எடுத்துக்கொண்டு நானும் கூடப் போகிறேன்.