ஆய்வுக்கு மட்டும் திறக்கும் அறை



பட்டுக்கோட்டை வட்டாரத்துத் தனியார் நர்சிங் கல்லூரி ஒன்றில் என் அண்ணன் மகள் படிக்கிறாள். போன வாரம் அங்கே ஆய்வுக் குழு வந்தது. அதற்கு முதல் நாளே, நோயாளிக்குப் பதில் பொம்மைகளில் பழகும் சிமுலேஷன் லேபைத் திறந்து, தூசு தட்டி, பொம்மைகளுக்குப் புது விரிப்புப் போட்டார்கள். குழுவின் கார் கேட்டைத் தாண்டியதும் மறுபடி பூட்டு. ஊசி போட்டுப் பழக வைத்திருக்கும் ரப்பர் கையில் ஒரு குத்துக்கூட இல்லையாம். நாள்தோறும் பழகிய கை சல்லடையாகி இருக்க வேண்டும்! ஆனால் லாக் புத்தகத்தில் எல்லாப் பயிற்சிக்கும் கையெழுத்து ஆகிவிட்டது. லேப் கட்டணமும் வசூலாகிவிட்டது.

பிள்ளைகள் எங்கே பழகுகிறார்கள்? வார்டில், உயிருள்ள கையில். நடவுக்குப் போய்க் காய்ச்சலோடு வந்து படுத்த ஒரு பாட்டிக்கு சொட்டு மருந்து ஏற்றும் வென்ஃபிளான் ஊசி போட இவள் மூன்று தடவை குத்தியிருக்கிறாள். நரம்பு அகப்படவில்லை, புறங்கை வீங்கிவிட்டது. “பரவால்ல ஆயி, இன்னொருக்கா பாரு” என்று அந்த அம்மாதான் இவளைத் தேற்றியிருக்கிறார். கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

“நாமெல்லாம் வார்டில்தானே கற்றோம்” என்கிறார்கள் என்னோடு வேலை பார்த்தவர்கள். கற்றோம், யார் வலியில் கற்றோம்? இதயம் நின்றவரின் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். அதை எந்த நோயாளியிடம் பழகுவது? நார்வேயின் லேர்டல் நிறுவனம் 1960-லேயே இதற்கென்று பொம்மை செய்துவிட்டது. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் அறிவித்த பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்திலும் சிமுலேஷன் பயிற்சி இருக்கிறது.

லேபை ஏன் பூட்டுகிறீர்கள் என்றால், விலை உயர்ந்த பொம்மை, பிள்ளைகள் கெடுத்துவிடுவார்களாம். கெடட்டும், அதற்குத்தான் வாங்கியது.

தேதி சொல்லிவிட்டு வருவது ஆய்வே அல்ல. பொம்மைகளை எண்ணியவர்கள் ஒரு மாணவியைக் கூப்பிட்டு, “செய்து காட்டம்மா” என்று கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை வெளிவந்திருக்கும். அதைக்கூடக் கேட்காதவர்களுக்குப் பயணப்படி எதற்கு?

நாளை பேராவூரணியிலும் அதிராம்பட்டினத்திலும் ராத்திரி டியூட்டி பார்க்கப் போவது இந்தப் பிள்ளைகள்தான். கவுன்சிலும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் இனிமேல் சொல்லாமல் வர வேண்டும். லாக் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மாணவிகளைச் செய்துகாட்டச் சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற செவிலியர்,
பட்டுக்கோட்டை.