அறிக்கை எழுதும் கைகளில் நம் கை எங்கே?



நெய்வேலி நகரியத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நேரான சாலைகள், வட்டம் வட்டமாய்க் குடியிருப்புகள், அப்பால் மலைபோல் குவிந்த சுரங்க மண். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரும்பொருள் வெளிப்பட்டது. 1956-ல் நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957-ல் பிரதமர் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை.

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. மண்ணில் மண்வெட்டி விழுவதற்கு முன்பே ஓர் அறிக்கை எழுதப்பட்டது. எழுதியது பவல் டஃப்ரின் என்ற இங்கிலாந்து ஆலோசனை நிறுவனம். சுரங்கம், மின் நிலையம் என்று எல்லாவற்றையும் இணைத்துத் திட்டம் போட்டுக் கொடுத்தது அது. நிலம் கொடுத்தவன் விவசாயி. வெட்டியவன் தொழிலாளி. அவர்களுக்குத் துணியும் மளிகையும் விற்க மந்தாரக்குப்பத்தில் கடை வைத்தவர்களில் நம்மவர்களும் உண்டு. ஆனால் எதை எங்கே வெட்டுவது என்று முடிவு செய்தது, அறிக்கை எழுதிய கை!

இளைஞனே! அந்தக் கையைப் பற்றித்தான் இன்று உன்னோடு பேச வேண்டும்.

எஸ். இராமதுரை என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறாயா? 1944-ல் நாக்பூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்னணுவியலும், பின்னர் அமெரிக்காவில் கணினி அறிவியலும் படித்தார். 1972-ல் டாட்டா கன்சல்டன்சி நிறுவனத்தில் சேர்ந்தார். அன்று நாட்டில் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. 1979-ல் நியூயார்க் சென்று அங்கே நிறுவனத்தின் கிளையை உருவாக்கினார். 1996-ல் தலைமை நிர்வாகியாகி 2009 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

அவர் தலைமையில் இருந்த 2008-ல்தான் பாஸ்போர்ட் சேவைத் திட்டத்தை நடத்தும் ஒப்பந்தம் அந்த நிறுவனத்துக்குக் கிடைத்தது. லால்பேட்டையிலும் பரங்கிப்பேட்டையிலும் வளைகுடாவுக்குப் புறப்படும் ஒவ்வொரு பிள்ளையும் அந்தக் கணினி வழியாகத்தான் போகிறான்!

கதை அத்துடன் முடியவில்லை. 2011-ல் திறன் மேம்பாட்டுத் துறையில் பிரதமரின் ஆலோசகராக, கேபினட் அமைச்சர் அந்தஸ்தில், மத்திய அரசு அவரை அமர்த்தியது. 2013-ல் தேசியத் திறன் மேம்பாட்டு முகமையின் தலைவரானார். 2016 வரை அப்பணி தொடர்ந்தது. ஓட்டுக் கேட்கவில்லை, மேடை ஏறவில்லை. கற்ற தொழிலே அவரை அரசின் ஆலோசனை அறைக்குள் கொண்டு சென்றது.

இதில் நமக்கு ஒரு கேள்வியும் உண்டு. ஒரு தனியார் நிறுவனத்தின் துணைத் தலைவராக இருந்துகொண்டே அரசுக்கும் ஆலோசகராக இருக்கலாமா என்பது ஜனநாயகத்தில் கேட்கப்பட வேண்டிய கேள்வியே. தனி மனிதர் மீது பழி சொல்வதற்காக அல்ல, முறை சரியா என்பதற்காகக் கேட்கிறோம். ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி நம்மைப் பார்த்தே கேட்க வேண்டியது. 2022-க்குள் 50 கோடிப் பேருக்குத் திறன் பயிற்சி என்று 2009-ல் கொள்கை வகுத்தார்களே, அந்த மேசையைச் சுற்றி நம் தெருவின் நிலை அறிந்தவர் எத்தனை பேர்?

சச்சார் குழு 2006-ல் கணக்கைப் போட்டுக் காட்டியது. மக்கள் தொகையில் நாம் 13.4 சதவீதம். ஐ.ஏ.எஸ். அதிகாரிகளில் 3 சதவீதம். இரயில்வேயில் 4.5 சதவீதம். புறக்கணிப்பு உண்மை. அதை எதிர்த்துப் போராடுவது நம் கடமை. அதே சமயம், திறந்திருக்கும் வாசலிலாவது நாம் நுழைந்தோமா?

"கலாம் இல்லையா?" என்பீர்கள். இராமேஸ்வரத்திலிருந்து புறப்பட்டு, 1999-ல் கேபினட் அந்தஸ்தில் அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகரானார், 2002-ல் குடியரசுத் தலைவரானார். பெருமைதான்! ஆனால் ஒருவர் பெயரையே சொல்லி எத்தனை காலம் தள்ளுவது? சென்னை எம்.ஐ.டி.யில் அவர் சேரப் பணமில்லாதபோது, சகோதரி தம் நகைகளை அடகு வைத்தார். நம் வீடுகளிலும் நகை அடகுக்குப் போகிறது. விசாவுக்காகப் போகிறது! அந்த வேறுபாட்டில்தான் நம் நிலைமை அடங்கியிருக்கிறது.

"ஆங்கிலம் வராதே" என்பவர்களுக்கு ஒரு செய்தி. இராமதுரைக்குப் பின் அந்த நாற்காலியில் அமர்ந்த என். சந்திரசேகரன், நாமக்கல் மாவட்டம் மோகனூரில் அரசுப் பள்ளியில் தமிழில் படித்தவர்.

வணிகப் பெருமக்களே! பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மதீனத்துப் பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக் கொடுத்தால் அதையே மீட்புத் தொகையாக ஏற்றார்கள் நம் நபி (ஸல்) அவர்கள். பகைவனிடமிருந்தும் கல்வியைப் பெற்றுக்கொண்ட உம்மத், பத்தாம் வகுப்பு முடித்ததும் மகனைக் கல்லாவில் உட்கார வைப்பது முறையா? கடை வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டில் ஒரு பிள்ளையாவது உயர் தொழில்நுட்பம் படிக்கட்டும். மகளாக இருந்தாலும் படிக்கட்டும்.

ஜமாஅத் நிர்வாகிகளே! நெய்வேலி நிறுவனம் 2022-ல் பட்டதாரிப் பொறியாளர்களை கேட் தேர்வு மதிப்பெண் அடிப்படையில் எடுக்க முனைந்தபோது, தமிழக இளைஞர் வாய்ப்பு இழப்பர் என்று தமிழகமெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பு நியாயமே. ஆனால் நம் ஊரில் கேட் எழுதியவர் எத்தனை பேர் என்று எந்த மஹல்லாவிலாவது கணக்கு உண்டா? தமிழக அரசின் 3.5 சதவீத உள் ஒதுக்கீடு மத்திய நிறுவனத்தில் செல்லாது. அங்கே ஓ.பி.சி. 27 சதவீதம்தான். லப்பை, ராவுத்தர், மரைக்காயர் அப்பட்டியலில் உள்ளனர். அதற்கு மத்திய அரசுப் படிவத்தில் தனிச் சான்றிதழ் வேண்டும். இதை அறியாமல் பொதுப்பிரிவில் விண்ணப்பித்துவிட்டுப் பின்னர் வருந்துவதில் பயனில்லை.

ஆகவே ஜும்ஆ முடிந்ததும் கலைந்து போகாமல் அரைமணி நேரம் உட்காருங்கள். ஊரில் பொறியியல், டிப்ளமா, ஐ.டி.ஐ. படிக்கும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை எடுங்கள். ஒவ்வொரு கடைத்தெருவும் ஒரு மாணவனின் தேர்வுப் பயிற்சிச் செலவை ஏற்கட்டும். சான்றிதழ் வாங்கித் தரும் வேலையை நம் கிளைத் தொண்டர்கள் ஏற்பார்கள்.

நாளைய நெய்வேலிக்கும் எங்கோ ஓர் அறையில் அறிக்கை எழுதப்படும். அதை எழுதும் கைகளில் நம் பிள்ளையின் கையும் இருக்க வேண்டும். இன்ஷா அல்லாஹ், இருக்கும். முயற்சி நம்முடையது, முடிவு அல்லாஹ்வுடையது!