எலும்பையேனும் எடுத்துக் கொடுத்தனரா?

2018 திசம்பர் 13-ஆம் நாள், மேகாலயத்தின் கிழக்குச் செயிந்தியா மலையில் எலிவளை போன்ற நிலக்கரிச் சுரங்கத்துள் வெள்ளம் புகுந்தது. கூலியாள்கள் 15 பேர் உள்ளே சிக்கினர். ஆற்றல்மிக்க நீரிறைப்பிகள் வந்துசேரவே இரு கிழமை கடந்தது! ஈருடல்களே கிட்டின. 2019 மார்ச்சில் பணி கைவிடப்பட்டது.

மாய்ந்தோர்க்காகப் பணத்தை நீரில் கொட்டுவதா என்பர், கணக்குப் பார்ப்போர். 2014-இலேயே பசுமைத் தீர்ப்பாயம் தடுத்த தோண்டலை நடத்திக் கரி விற்றோர் குவித்த செல்வத்தை அவர்கள் எக்கணக்கில் எழுதினர்? 1989-இல் இராணிகஞ்சில் நிலத்தைத் துளைத்து, இரும்புக் கூண்டிறக்கி, 65 பேரை உயிரோடு தூக்கினர். இக்கள்ளச் சுரங்கத்துக்கோ வரைபடமும் இல்லை. மீட்போர் உயிர்க்கு இடர் என்னும் தடை ஒன்றே மதிக்கத்தக்கது, பணத்தடை அன்று. நீர் வற்றும் பருவத்தில் மீண்டும் இறங்கியிருக்க வேண்டும். அச்செலவைச் சுரங்க முதலாளியின் உடைமையை விற்றுப் பெற்றிருக்க வேண்டும்!