மானுக்கு எய்த ஈயம், மனிதரின் தட்டிலே!

இலையுதிர்காலம் வந்துவிட்டால் அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே பழைய வழக்கொன்று புதிதாகத் தொடங்கிவிடும். வெண்வால் மானை வீழ்த்துவதற்கு எந்தத் தோட்டா சிறந்தது என்பதே அவ்வழக்கு. எது வேகம் கூடியது, எது கனம் கூடியது, எது மானை நின்ற இடத்திலேயே சாய்க்கும் என்று பக்கம் பக்கமாக வாதிடுவார்கள். சுட்ட மானை யார் உண்ணப்போகிறார்கள் என்ற வினாவை மட்டும் அவர்களில் பெரும்பாலோர் எழுப்புவதில்லை. என்னைப் பொறுத்தவரை முதலில் எழுப்பவேண்டிய வினா அதுதான்.

துவக்கைப் பற்றி எழுத இலங்கைப் பத்திரிகைக்காரனுக்கு என்ன தகுதி என்று சிலர் கேட்கக்கூடும். தசையினுள் தங்கிவிட்ட உலோகத்துண்டுகளோடு ஆயுள் முழுவதையும் கழிக்கும் மனிதர்கள் வாழும் நாடு எமது நாடு. இறைச்சியினுள் உலோகம் என்பது எமக்கு அந்நியமான செய்தியன்று. தவிரவும், ஒஹையோ மாநிலத்திலே குடியேறி, அந்நாட்டு வழக்கப்படி மான் வேட்டைக்குச் செல்லும் எனது உறவினர் ஒருவர் இவ்விடயத்தில் என்னோடு தொடர்ந்து வாதிட்டு வருகிறார். அவருக்கான பதிலாகவும் இதனைக் கொள்ளலாம்.

அவரிடம் இருப்பது .45-70 எனப்படும் பெருங்குழல் துவக்கு. இந்தத் தோட்டாவுக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்க இராணுவம் 1873 இல் ஸ்பிரிங்பீல்ட் துவக்கோடு இதனை ஏற்றுக்கொண்டது. 45 என்பது அங்குலத்தின் நூறிலொரு பங்குகளில் சன்னத்தின் விட்டம். 70 என்பது அதிலே அடைக்கப்பட்ட கருமருந்தின் நிறை, கிறெய்ன் அளவிலே. 405 கிறெய்ன் நிறையுடைய ஈயச் சன்னம் வினாடிக்கு ஏறத்தாழ 1,300 அடி வேகத்திலே புறப்படும். அவ்வளவுதான். அந்த வேகத்தோடு அது எருமைகளையே வீழ்த்தியது.

அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கவேண்டிய இத்தோட்டா மீண்டும் சந்தைக்கு வந்தமைக்குச் சட்டமும் ஒரு காரணம். சமதரையும் குடியிருப்புகளும் நிறைந்த மத்திய மேற்கு மாநிலங்கள் சில, நெடுந்தூரம் பாயும் ரைபிள்களை மான் வேட்டைக்கு நீண்டகாலம் அனுமதிக்கவில்லை. ஒஹையோ 2014 இல் நேர்ச்சுவர்த் தோட்டாக்களுக்கு, அதாவது கழுத்துக் குறுகாத தோட்டாக்களுக்கு, அனுமதி வழங்கியது. வேறு சில மாநிலங்களும் தத்தமது அளவு விதிகளோடு அவ்வாறே செய்தன. பழைய தோட்டாவுக்குப் புது வாழ்வு கிடைத்தது. கூடவே விற்பனையாளரின் வாய்ச்சாலகமும் வந்து சேர்ந்தது.

எல்லா .45-70 தோட்டாக்களும் ஒன்றல்ல. பழைய ஸ்பிரிங்பீல்ட் துவக்குகள் இன்னும் பாவனையில் இருப்பதனால், அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் நியம நிறுவனம் இதற்குச் சதுர அங்குலத்துக்கு 28,000 இறாத்தல் என்ற தாழ்ந்த அமுக்க எல்லையையே விதித்திருக்கிறது. இதற்கு அப்பாலும், மார்லின் போன்ற நவீன லீவர் துவக்குகளுக்கும், ரூகர் நம்பர் 1 போன்ற வலிமைமிக்க ஒற்றைவெடித் துவக்குகளுக்கும் மட்டுமே பொருத்தமான கடுந்தோட்டாக்களைச் சில நிறுவனங்கள் விற்கின்றன. அவற்றைப் பழைய துவக்கிலே இட்டால் அழிவு மானுக்கு அல்ல, சுடுபவருக்கே. பெட்டியிலுள்ள எச்சரிக்கையை வாசிப்பதுதான் தெரிவின் முதற்படி. குழாய்க் களஞ்சியம் உள்ள லீவர் துவக்கிலே கூர்முனைச் சன்னம் இடலாகாது என்பது இரண்டாவது. முன்னுள்ள தோட்டாவின் எரியூட்டியை அக்கூர்முனை குத்தி வெடிக்கவைத்துவிடலாம். ஹோர்னடி நிறுவனத்தின் மென்முனைத் தோட்டாக்கள் அதற்காகவே பிறந்தவை. இவையெல்லாம் பயனுள்ள அறிவு. மறுப்பதற்கில்லை.

ஆனால், ஏறத்தாழ 150 இறாத்தல் நிறையுள்ள ஒரு மானுக்குக் கரடிக்கான கடுந்தோட்டா எதற்கு? 1873 இன் வேகமே எருமைக்குப் போதுமாயிருந்ததெனில், 100 யார் தூரத்திலே நிற்கும் மானுக்கு அது போதாதா? உதைப்பினால் தோள் நோக, அடுத்த வெடியின்போது கண்ணை மூடிக்கொள்ளும் வேட்டைக்காரன் மானைக் காயப்படுத்துவானேயன்றிக் கொல்லமாட்டான். வலிமை என்பது பெட்டியின் மேல் அச்சிடப்படும் எண். இரக்கம் என்பது சரியான இடத்திலே பாயும் சன்னம். இரண்டையும் ஒன்றாகக் காட்டுவது வியாபாரம்.

இனி, பெட்டியில் அச்சிடப்படாத விடயத்துக்கு வருவோம். விரிவதற்கென வார்க்கப்பட்ட ஈயச் சன்னம் உடலிலே பாயும்போது சிதறுகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் காயத்தின் பாதையை விட்டு வெகுதூரம் தசையினுள் செல்கின்றன. இரத்தம் கட்டிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டால் போதும் என்பது பழைய நம்பிக்கை. 2008 இல் வட டக்கோட்டா மாநிலத்து மருத்துவர் ஒருவர், ஏழைகளுக்கான உணவு வங்கிகளுக்கு வேட்டைக்காரர்கள் நன்கொடையாக வழங்கிய அரைத்த மான் இறைச்சிப் பொதிகளை எக்ஸ்றே எடுத்துப் பார்த்தார். அரைவாசிக்கும் மேற்பட்ட பொதிகளிலே உலோகத் துகள்கள் காணப்பட்டன. அந்த இறைச்சியை விநியோகிக்கவேண்டாம் என மாநில அதிகாரிகள் உணவு வங்கிகளுக்கு அறிவுறுத்தினர்.

அடுத்து, மத்திய நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தார் அம்மாநிலத்தின் 738 பேரின் குருதியைப் பரிசோதித்தனர். வேட்டை இறைச்சி உண்டவர்களின் குருதியிலே ஈயம் கூடுதலாக இருந்தது. வேறுபாடு சிறியதுதான். எவருடைய அளவும் டெசிலீற்றருக்கு 10 மைக்கிரோகிராமைத் தாண்டவில்லை. "பார்த்தீர்களா, ஒருவருக்கும் ஆபத்தில்லை" என்று தோட்டா விற்பவர்களின் தரப்பு அன்று ஆர்ப்பரித்தது. எனது உறவினரும் இன்றுவரை அதையே கூறுகிறார்.

அந்தப் பத்துக்கு என்ன நேர்ந்தது என்பதை அவர் கூறுவதில்லை. சிறுவர்களுக்குக் கவலைக்குரிய அளவாக அன்று கொள்ளப்பட்ட 10, 2012 இல் 5 ஆகக் குறைக்கப்பட்டது. 2021 இல் அது 3.5 ஆயிற்று. சிறுவர்களின் குருதியிலே பாதுகாப்பான ஈய அளவென்று ஒன்று அறியப்படவில்லை என்பதே அந்நிலையத்தின் இன்றைய நிலைப்பாடு. ஈயம் மாறவில்லை. அதைப் பற்றிய அறிவுதான் மாறியது. அறிவு மாறிய பின்னரும் பழைய எண்ணைப் பிடித்துத் தொங்குவது வாதமாகாது, பிடிவாதம்.

நியாயமாக ஒன்றைக் கூறியாகவேண்டும். மினசோட்டா மாநிலத்தார் 2008 இல் செம்மறிகளின் உடல்களைக் கொண்டு நடத்திய ஆய்விலே, விரைவாக விரியும் அதிவேகச் சன்னங்களே மிகுதியாகச் சிதறின. மெதுவாகச் செல்லும் கனத்த சன்னங்கள் குறைவாகச் சிதறின. அந்த வகையிலே, பழைய வேகத்திலே செல்லும் .45-70 தன் இனத்தாரிலே மோசமானதன்று. ஆயினும் குறைவு என்பது இல்லை என்பதாகாது. ஏறக்குறைய சிதறலே அற்றவை என அவ்வாய்வு காட்டியவை முழுச் செம்புச் சன்னங்கள்தாம்.

செம்பு மானைக் கொல்லாது என்பார்கள். பார்ன்ஸ் நிறுவனம் 1980களின் இறுதியிலிருந்தே செம்புச் சன்னங்களை விற்றுவருகிறது. .45-70 க்கு அதன் 300 கிறெய்ன் செம்புத் தோட்டா கிடைக்கிறது. ஹோர்னடியின் 250 கிறெய்ன் செம்புக் கலப்புலோகத் தோட்டாவும் உண்டு. ஈயத்தைவிடச் செம்பு அடர்த்தி குறைந்தது. ஆகவே அதே நிறைக்குச் சன்னம் நீண்டதாகும். விரிவதற்கு வேகமும் சற்று அதிகம் வேண்டும். அதனால்தான் நிறை குறைந்த சன்னத்தைத் தெரிவுசெய்து, தூரத்தை மட்டுப்படுத்தி, தனது துவக்கிலே முன்கூட்டியே சுட்டுப்பார்க்கவேண்டும். ஒரு பிற்பகல் வேலை. செம்பின் விலை கூடுதல் என்பது உண்மையே. ஆனால் மானொன்றை வீழ்த்த ஒன்றிரண்டு தோட்டாக்களே தேவை. துவக்குக்கும் தொலைநோக்கிக்கும் தாராளமாகச் செலவிடுபவர்கள் தோட்டாவில் மட்டும் சிக்கனம் பேசுவதை என்னவென்பது?

இறுதியாக எடுக்கப்படும் ஆயுதம், இது துவக்குகளைப் பறிப்பதற்கான கொல்லைப்புற வழி என்பது. நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக் குண்டுகள் அமெரிக்கா முழுவதும் 1991 இல் தடைசெய்யப்பட்டபோதும் இதையே கூறினார்கள். தாரா வேட்டை அழிந்துவிட்டதா? 1982 இல் வெறும் 22 ஆகக் குறைந்திருந்த கொண்டோர் கழுகுகள், வேட்டைக்காரர் விட்டுச்சென்ற குடல்களை உண்டு ஈயத்தால் நஞ்சூட்டப்பட்டு மடிவதைத் தடுக்கக் கலிபோர்னியா 2007 இல் ஒரு சட்டமும், 2013 இல் மாநிலம் முழுவதற்குமான இன்னொரு சட்டமும் இயற்றியது. 2019 ஜூலை முதல் அங்கு வேட்டைக்கு ஈயம் கூடாது. டென்மார்க் 2024 ஏப்ரல் முதல் ரைபிள் தோட்டாக்களிலும் ஈயத்தைத் தடைசெய்தது. இரு இடங்களிலும் வேட்டை தொடர்கிறது. மறுபுறத்திலே, மத்திய அரசின் வனவுயிர்ச் சரணாலயங்களிலே ஈயத்தைப் படிப்படியாக நீக்கும்படி 2017 ஜனவரியில் பிறப்பிக்கப்பட்ட ஆணை, ஆட்சி மாறியதும் மார்ச் மாதத்திலேயே இரத்தாயிற்று. ஆறு வாரங்கள்! விஞ்ஞானம் மாறுவதற்கு அல்ல, அமைச்சர் மாறுவதற்கே அக்காலம் போதுமாயிருந்தது.

சட்டத்தை வெறுப்பவர்களுக்கும் வழி உண்டு. அரிசோனா மாநிலம் 2005 முதல் கொண்டோர் வாழும் பகுதியிலே வேட்டையாடுவோருக்கு ஈயமற்ற தோட்டாக்களை இலவசமாக வழங்கிவருகிறது. கட்டாயமில்லை. இருந்தும் மிகப் பெரும்பாலானோர் ஒத்துழைக்கின்றனர். சாதாரண வேட்டைக்காரன் கொடியவனல்லன் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஏனைய மாநிலங்கள் குறைந்தபட்சம் இதையாவது செய்யட்டும்: நன்கொடையாக ஏற்கப்படும் மான் செம்பினால் வீழ்த்தப்பட்டதாக இருக்கவேண்டும் என விதித்து, அதற்கான தோட்டாவை அரசே கொடுக்கட்டும்.

தன் தட்டிலே விழுவதை வேட்டைக்காரன் தானே தெரிவுசெய்கிறான். அது அவன் உரிமை. உணவு வங்கியின் வரிசையிலே நிற்கும் தாய்க்கு அத்தெரிவு இல்லை. தன் பிள்ளைக்கு ஊட்டும் இறைச்சி எந்தத் தோட்டாவினால் வீழ்த்தப்பட்டது என்று கேட்க அவளுக்கு வாய்ப்பும் இல்லை. தோட்டாப் பெட்டியைக் கையிலெடுக்கும் ஒவ்வொருவரும் அவளுக்காகவும் தெரிவுசெய்கிறார்கள் என்பதை மறவாதிருப்பார்களாக!