பிரீமியர் டிரம்ஸ்: பெயர் இருக்கு, தொழிற்சாலை எங்கே?

1922-ல் லண்டனில் பிறந்த டிரம் நிறுவனம் பிரீமியர். 1940-ல் தொழிற்சாலை குண்டுவீச்சில் சிதைய, லெஸ்டருக்கு இடம்பெயர்ந்தது. ‘தி ஹூ’ குழுவின் கீத் மூன் வெளுத்து வாங்கியது இந்த டிரம்ஸில்தான். 1963-ல் லுட்விக்குக்கு மாறும்வரை பீட்டில்ஸின் ரிங்கோ ஸ்டார் வாசித்ததும் இதைத்தான்.

பின்னர் நிறுவனம் பலமுறை கைமாறியது. லெஸ்டர் தொழிற்சாலையும் மூடப்பட்டது. “அதான் பிராண்டு இருக்கே, அப்புறம் என்ன?” என்று கேட்கலாம்.

சிக்கல் இதுதான்: 1960-களின் பிரீமியர் டிரம்கள் பலவும் இன்றைய சர்வதேச அளவைவிடச் சற்றே பெரியவை. கடையில் வாங்கும் மேல்தோல் அவற்றில் சரியாக உட்காராது. டிரம் நல்லா இருந்தும் மூலையில் முடங்கும்.

ஆக, ரசிகர்களின் ஏக்கம் வெறும் சென்டிமென்ட் இல்லை. பெயரை வாங்குபவர்கள், பழைய அளவுகளையும் உதிரிபாகங்களையும் காக்கும் பொறுப்பையும் சேர்த்தே வாங்க வேண்டும்.