வரிக்கு வழி கண்டவர் உயிர்க்கு வழி காணாரோ?

ஓர் அரசின் பொறுப்புணர்வை அறிய வேண்டின், அதன் சட்டம் யாரைத் தேடிப் பிடிக்கின்றது, யாரைத் தப்ப விடுகின்றது என்பதை நோக்குதல் வேண்டும். ஆத்திரேலியாவில் மகிழுந்தின் உதிரி உறுப்புகளை அயல்நாட்டிலிருந்து வருவிப்போர் நிலை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

அந்நாட்டில் பெருநிறுவனங்கள் மகிழுந்து செய்யும் தொழில் 2017 அக்தோபரோடு முடிந்தது. பழைய உந்துகளை வைத்திருப்போர் பலர் உறுப்புகளுக்கு அமெரிக்காவையும் சப்பானையும் நாடுகின்றனர். ஆங்குள்ள வணிகர் பலர் கடல் கடந்து அனுப்ப இசையார். இந்நிலையில் துணைக்கு வருவன பொதி மாற்றி விடுக்கும் நிலையங்கள். வாங்குவோர்க்கு அவை அங்கேயே ஒரு முகவரி அளிக்கும்; வணிகர் அம்முகவரிக்குப் பொருளை அனுப்புவர்; நிலையத்தார் அதனைப் பெற்றுக் கூலி கொண்டு வீட்டுக்கு விடுப்பர். விற்பனை வரி இல்லாமையின், ஒரிகான் மாநிலத்திலும் இத்தகைய நிலையங்கள் உள.

இஃது உதவியே, மறுப்பாரில்லை. 2018 சூலை 1 முதல், 1,000 ஆத்திரேலிய வெள்ளிக்கு மேற்படாத இறக்குமதிப் பொருள்களுக்கும் அந்நாடு 10 விழுக்காடு வரி விதித்தது. விற்பவரோ விற்பனைத் தளத்தாரோ ஆத்திரேலியாவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்யாதபோது, அவ்வரியைத் தண்டிச் செலுத்தும் கடன் பொதி மாற்றுவோர்மேல் வைக்கப்பெற்றது. நன்று! இடையில் நிற்பவரும் பொறுப்புடையவரே என்னும் நெறியை அரசே ஒப்பிவிட்டது.

இனிக் கல்நாரைப் பார்ப்போம். அதன் நுண்துகள் நுரையீரலுட் புகின், பல்லாண்டு கழித்தும் புற்றுநோய் விளைக்கும். 2003 இறுதியிலேயே ஆத்திரேலியா அதனை விலக்கியது. ஆயின், பிற நாடுகள் பலவற்றில் சக்கரத்தை நிறுத்தும் தடைக்கட்டையிலும் பொறியின் அடைப்புத் தகட்டிலும் கல்நார் கலப்பது நின்றபாடில்லை. கல்நார்த் தடைக்கட்டை விற்பனைக்கு முடிவு கட்டும் ஆணையை அமெரிக்கா பிறப்பித்ததே 2024 இல்தான். அத்தகைய கட்டையொன்று சுங்கத்தில் அகப்படின், வினவப்படுவார் யார்? இறக்குமதி செய்தவர், அஃதாவது, இணையத்தில் படம் பார்த்து வாங்கிய எளியவர். அகப்படாது போயின், அதனைத் தேய்த்துப் பொருத்தும் பட்டறைத் தொழிலாளி மூச்சோடு நஞ்சை உள்ளிழுப்பார்.

பொதி மாற்றுவோர் பெரும்பாலும் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ. கணக்கில் பெருக்கி, 5,000 ஆல் வகுத்து, வரும் எண் மெய்யெடையினும் மிகின் அதனையே கிலோ எடையாகக் கொண்டு கூலி கேட்பர். பெட்டியின் வெற்றிடத்துக்கும் விலை கணிக்கத் தெரிந்தவர்க்கு, உள்ளிருக்கும் கட்டை எதனால் ஆயது என்று விற்றவரைக் கேட்கத் தெரியாதா?

கல்நார் இல்லை என்னும் ஆய்வுச் சான்று பெறாமல் தடைக்கட்டையையும் அடைப்புத் தகட்டையும் பொதி மாற்றுவோர் விடுத்தல் ஆகாது எனச் சட்டம் செய்க. கூலி உயரும் என்பர் சிலர், உயரட்டும். மலிவு என்பது பிறர் நுரையீரலில் எழுதப்படும் கடனாதல் வேண்டா. வாங்குவோரும் சான்றில்லாக் கட்டையைத் தொடாதிருத்தல் வேண்டும்.

வரிப்பணத்தில் ஒரு காசு தப்பினும் பொறாத சட்டம், தொழிலாளியின் மூச்சு நின்றால் மட்டும் பொறுத்திருத்தல் முறையோ?