ஓடும் பிள்ளையின் நாடியும் கைக்கடிகாரத்தின் கணக்கும்

பள்ளிகளில் குறுக்கோட்டப் போட்டிக்கான பயிற்சி தொடங்கும்போதெல்லாம் பெற்றோர்கள் சிலவற்றை ஆசிரியரிடம் கேட்பது வழக்கம். என்ன காலணி வாங்குவது, காலையில் என்ன உண்ணக் கொடுப்பது, மழை பெய்தால் பயிற்சி உண்டா என்பன போன்றவை அவை. அண்மைக் காலமாக அவற்றோடு புதிய கேள்வியொன்றும் சேர்ந்துகொண்டுள்ளது. "சார், இதயத்துடிப்பு இவ்வளவு காட்டுகிறதே, பிள்ளையை ஓட விடலாமா?" என்பதே அது. காட்டுவது எதுவென்று பார்த்தால், பிள்ளையின் மணிக்கட்டில் கட்டியிருக்கும் ஓட்டக் கைக்கடிகாரம்!

வகுப்பு நேரத்தில் இக்கடிகாரங்களுக்கு இடமில்லை. சனிக்கிழமைப் பயிற்சியில்தான் இவற்றைக் காண்கிறேன். சில பிறந்தநாள் பரிசாக வந்தவை. சில, அப்பா புதியது வாங்கியதால் மகனுக்கு இறங்கி வந்தவை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளையின் மணிக்கட்டில் தோன்றும் துடிப்பு எண்ணை மட்டும் நம்பி, அப்பிள்ளை ஓடலாம் என்றோ ஓடக்கூடாது என்றோ முடிவுசெய்வது சரியன்று. அந்த எண் பல வேளைகளில் இதயத்தின் எண்ணே அன்று.

இதற்கு இரண்டு நிகழ்வுகளைச் சான்றாகச் சொல்வேன். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, நன்றாக ஓடக்கூடியவள். அவளுடைய கடிகாரம் 203 என்று காட்டியதைக் கைப்பேசியில் கண்ட தாயார், இனிப் பயிற்சிக்கு அனுப்பப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். மறுமுறை அவளை ஓடவிட்டு, நின்றவுடன் என் விரலால் நாடியை எண்ணினேன். 15 நொடியில் 41. அதாவது நிமிடத்திற்கு 164. அதே நொடியில் அவள் கையிலிருந்த கடிகாரம் 198 என்றது. மற்றொருவன் ஆறாம் ஆண்டு மாணவன். முகம் சிவந்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடியவனுக்குக் கடிகாரம் 112 காட்டியது. வேலியோரம் நின்ற தந்தையார், "இன்னும் இடமிருக்கிறது, வேகமாக ஓடு!" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். முதல் தவறு ஒரு பிள்ளையைத் திடலைவிட்டு விலக்குகிறது. இரண்டாவது தவறு அதைவிடக் கொடியது.

கடிகாரம் எப்படிக் கணக்கிடுகிறது என்பதை அறிந்தால் இக்குழப்பம் ஏன் வருகிறது என்பது விளங்கும். கடிகாரத்தின் அடிப்புறத்தில் பச்சை ஒளி மினுக்குவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அவ்வொளி தோலுக்குள் சென்று, ஒரு பகுதி திரும்பி வருகிறது. குருதி பச்சை ஒளியை மிகுதியாக ஈர்த்துக்கொள்ளும். இதயம் ஒருமுறை துடிக்கும்போது மணிக்கட்டின் நுண்குழாய்களில் குருதி சற்றுப் பெருகும். திரும்பிவரும் ஒளி சற்றுக் குறையும். இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் கடிகாரம் எண்ணுகிறது. இம்முறை புதியதும் அன்று. ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1930களிலேயே இதைக்கொண்டு குருதியோட்டத்தை ஆராய்ந்தார். ஆனால், அவர் ஆராய்ந்தது அசையாமல் இருந்த உடலை. நாமோ, திடலைச் சுற்றி ஓடும் பிள்ளையின் ஆடும் கையில் கட்டிவிட்டு அதே விடையை எதிர்பார்க்கிறோம்.

கை ஆடும்போது கடிகாரமும் தோலின்மேல் சிறிது நகர்கிறது, நரம்பும் தசையும் அசைகின்றன, குருதியும் அலைகிறது. வெளிவெளிச்சமும் இடுக்கில் புகுந்துவிடுகிறது. இவை யாவும் ஒளியின் அளவை மாற்றுகின்றன. இதயத்தால் வந்த மாற்றம் எது, கையசைவால் வந்த மாற்றம் எது என்று பிரித்தறிய வேண்டிய பொறுப்பு கடிகாரத்துக்குள் இருக்கும் கணக்குமுறையைச் சேர்ந்தது. சீராக மீண்டும் மீண்டும் வரும் அலையைத் தேடுவதே அதன் வேலை. ஓடுபவரின் காலடியும் சீராக மீண்டும் மீண்டும் வருவதுதானே! நிமிடத்திற்கு 160 முதல் 180 அடி வைத்து ஓடுபவர்கள் பலர். ஓடும்போது இதயத்துடிப்பும் ஏறத்தாழ அதே எல்லைக்குள் இருக்கும். ஆகவே, கடிகாரம் இதயத்தை விட்டுவிட்டுக் காலடியை எண்ணத் தொடங்கிவிடுவதுண்டு. சிறு பிள்ளைகளின் கால் குட்டை. பெரியவர்களைவிட விரைவாக அடி வைப்பார்கள். மேலே சொன்ன மாணவியின் 203, பெரும்பாலும் அவளுடைய காலடிக் கணக்காகவே இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பிள்ளைகளுக்கு வேறு இடையூறுகளும் உண்டு. மணிக்கட்டு மெலிந்தது; வார் கடைசித் துளையில்கூடத் தளர்ந்தே இருக்கும். வியர்வையில் வழுக்கும். நின்று, ஓடி, மறுபடி நிற்கும் பயிற்சிகளில் இதயத்துடிப்பு சட்டென ஏறி இறங்கும். மணிக்கட்டுக் கடிகாரம் அதைப் பின்தொடர்வதற்குள் பல நொடிகள் கடந்துவிடும்.

இது என் சொந்த ஐயம் மட்டுமன்று. அமெரிக்காவின் க்ளீவ்லண்ட் மருத்துவ மையத்தார் 50 பேரை டிரெட்மில்லில் நடக்கவும் ஓடவும் வைத்துச் செய்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. இதய மின்வரைவோடு ஒப்பிட்டபோது மார்புப்பட்டை 0.99 அளவுக்குப் பொருந்தியது. 1 என்றால் முழுப் பொருத்தம். மணிக்கட்டுக் கருவிகள் நான்கும் 0.83 முதல் 0.91 வரையில்தான் பொருந்தின. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் 2017ஆம் ஆண்டு ஆய்வு சற்றுக் கனிவானது. ஏழு கருவிகளில் ஆறு, துடிப்பை 5 விழுக்காட்டுப் பிழைக்குள் அளந்தன என்றது. ஆனால், எரிந்த கலோரியை எந்தக் கருவியும் சரியாகச் சொல்லவில்லை. மிகச் சிறந்ததே 27 விழுக்காடு பிழையானது. கலோரிக் கணக்கைப் பார்த்துப் பிள்ளைக்குச் சோற்றைக் குறைக்கும் பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பின்னர் வந்த கடிகாரங்கள் மேம்பட்டுள்ளன என்பதை நான் மறுக்கவில்லை. உட்கார்ந்திருக்கும்போதும் உறங்கும்போதும் அவை பெரும்பாலும் நன்றாகவே அளக்கின்றன. ஆனால், மேற்கண்ட ஆய்வுகளில் ஓடியவர்கள் வளர்ந்தவர்கள். ஓடிய இடம் ஆய்வுக்கூடம். நம் திடலின் மேடுபள்ளம் அங்கில்லை.

மார்புப்பட்டை ஏன் சிறந்தது என்று கேட்பீர்கள். அது ஒளியை நம்புவதில்லை; இதயம் துடிக்கும்போது எழும் மின்னலையை நேராகப் பிடிக்கிறது. பின்லாந்தில் 1977இல் தோன்றிய போலார் நிறுவனம் 1982லேயே கம்பியில்லா மார்புப்பட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நாற்பதாண்டுப் பழைய முறை இன்றும் முந்தி நிற்கிறது. அதற்காக, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மார்புப்பட்டை வாங்கிக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது தேவையே இல்லை.

"நம் பிள்ளைகள் கறுப்பாக இருப்பதால்தான் கடிகாரம் சரியாகக் காட்டுவதில்லையா?" என்று ஒரு தந்தையார் கேட்டார். நியாயமான கேள்வி. தோலின் நிறமியும் பச்சை ஒளியை ஈர்ப்பதுதான். ஆயினும், டியூக் பல்கலைக்கழகத்தார் வெவ்வேறு தோல் நிறமுடைய 53 பேரிடம் செய்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அசையும்போது பிழை, ஓய்வின்போது இருப்பதைவிடச் சராசரி 30 விழுக்காடு கூடியதையே அவர்கள் கண்டனர். விரல்நுனியில் மாட்டி உயிர்வளி அளக்கும் கருவி வேறு. அது கருந்தோலினரிடம் உயிர்வளியைக் கூடுதலாகக் காட்டுவதுண்டு என்பது அதே 2020இல் வெளிவந்த வேறோர் ஆய்வின் முடிவு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. திடலில் நமக்குப் பகை, நிறமன்று, அசைவு.

இனி, கடிகாரம் காட்டும் எண் உண்மையானதாகவே இருக்கட்டும். அப்போதும் பெற்றோர்கள் அதைத் தவறாகப் படிக்க வாய்ப்புண்டு. 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு கிடைக்கும் என்ற கணக்கைக் கொண்டே பல கடிகாரங்கள் சிவப்பு, மஞ்சள் என்று வண்ணம் தீட்டுகின்றன. 1970களின் தொடக்கத்தில், வளர்ந்தோரைப் பற்றிய தரவுகளிலிருந்து பொதுவாக வரைந்த கோடு அது. ஒரே வயதினரிடையே பத்துப் பன்னிரண்டு துடிப்பு வேறுபாடு இருப்பது இயல்பு. பிள்ளைகளுக்கோ அக்கணக்கு பொருந்துவதே இல்லை. ஒன்பது வயதினராயினும் பதினைந்து வயதினராயினும் உச்சத் துடிப்பு பொதுவாக 195 முதல் 205 வரையில்தான் இருக்கும். நலமான பிள்ளை முழுமூச்சாக ஓடினால் 190ஐத் தொடும். நின்றதும் விரைவாக இறங்கிவிடும். சிவப்பு வண்ணத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டியவை வேறு உள்ளன. ஓடும்போது மயங்கி விழுதல், நெஞ்சுவலி, ஓய்ந்து அமர்ந்த பிறகும் அடங்காத படபடப்பு ஆகியன இருந்தால், கடிகாரம் என்ன சொன்னாலும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். நம் நாட்டு வெயிலையும் மறக்கலாகாது. 2023ஆம் ஆண்டு மே மாதம் வெப்பத்தின் காரணமாகப் பள்ளிகளின் வெளிப்புற நடவடிக்கைகளைக் கல்வியமைச்சு நிறுத்திவைத்ததை ஆசிரியர்கள் அறிவர். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், கேட்டதற்குப் பொருத்தமில்லாத மறுமொழி ஆகியவையே வெப்பத்தாக்கத்தின் அறிகுறிகள். மணிக்கட்டில் 112 என்று எழுதியிருப்பதால் இவை இல்லையென்று ஆகிவிடாது. தந்தையார் வேலியோரம் நின்று கடிகாரத்தைப் பார்ப்பதைவிடப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கலாம். ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல முடிகிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2008 முதல் நம் பள்ளிகளில் செகாக் உடற்றகுதிச் சோதனை நடைபெற்று வருகிறது. நான்காம் ஆண்டு மாணவர்கள் பலகையில் ஏறி இறங்கி, நாடியை எண்ணும் அங்கம் அதில் உண்டு. தேசிய மொழியிலும் அதற்கு 'நாடி' என்றே பெயர். மாணவர்களுக்கு இதைச் சொன்னால் மகிழ்வார்கள். அந்த அங்கத்தைக் கடிகாரத்தைப் பார்த்து நிரப்பும் வழக்கத்திற்கு நாம் இடங்கொடுக்கக் கூடாது. சுட்டுவிரலையும் நடுவிரலையும் கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரமாக மெல்ல வைக்கச் சொல்லுங்கள். கட்டைவிரலால் தொடக்கூடாது, அதற்கே சொந்தமாகத் துடிப்பு உண்டு. பயிற்சியின்போது 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் போதும். ஓர் எண்ணிக்கை தவறினால் விடையில் நான்கு மாறும் என்பதையும் சேர்த்தே கற்பியுங்கள். கணிதப் பாடமும் ஆயிற்று.

கடிகாரம் கட்டித்தான் ஆகவேண்டும் என்போர், மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, தோலில் படிந்து நகராதபடி கட்டட்டும். ஓடத் தொடங்குவதற்குச் சில நிமிடங்கள் முன்னதாகவே கட்டட்டும். நின்றவுடன் விரலால் எண்ணி ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

என் பயிற்சியில் அடுத்த வாரம் முதல் ஓட்டக் கடிகாரங்கள் பையில் இருக்கும். ஓடுமுன் ஒருமுறை, ஓடி நின்றவுடன் ஒருமுறை, ஐந்து நிமிடம் அமர்ந்த பின் ஒருமுறை என்று மாணவர்களே எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுவார்கள். இருவருக்கு ஒன்று வீதம் நொடிமுள் உள்ள சாதாரணக் கடிகாரங்கள் தேவைப்படுகின்றன. வீட்டில் பயன்படாமல் கிடந்தால் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள்.